நூற்றிருபத்தெட்டு பைட்

டொக்யாட் வீதி. ஐஸ் கொம்பனியின் மேல்மாடி.
இரவு இரண்டு நாற்பது.
மூதூர்ப் பெட்டி வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும்
இங்கே என் இயந்திரம் செத்து விழுகிறது.
இது ஆறாவது தடவை.

வெளியே ஓடும் நிரல் தவறினால்
அது மட்டும் சாகும்,
மற்றவை திரும்பியும் பாராமல் தம் வேலையைப் பார்க்கும்.
கெர்னலுக்குள் அப்படியில்லை.
கப்பலின் அடித்தட்டில் நின்று ஆணி அடிக்கிறேன்,
கை பிசகினால் கடல் உள்ளே வரும்.
பெயரைச் சொன்னால் முகவரி தேடித் தருகிற
அந்த நல்ல பிள்ளைக்கும் இங்கே அனுமதியில்லை.
எண்களை நானே எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும்.

தொலைபேசியில் சாறூக்:
"சிம் மாத்தினது மட்டுந்தான் அக்கா,
வேற ஒண்டும் செய்யல்ல."

சிம் புதிது, ஆகவே குடும்பமும் புதிது.
எந்த முகவரிக்கும் முதல் இரண்டு பைட்டில்
குடும்பம் எதுவென்று எழுதியிருக்கும்.
நாலா, ஆறா?
சோதனைச்சாவடி வரிசைகளில் வளர்ந்தவள் நான்,
முதல் கேள்வி அதுவாக இருப்பது எனக்குப் புதிதல்ல.
நாலின் ஆட்கள் புள்ளி வைத்துப் பேசுவார்கள்.
ஆறின் ஆட்களிடம் முக்காற்புள்ளி.
இரண்டு முக்காற்புள்ளி ஒட்டி நின்றால்
இடையில் எத்தனை சுழியமென்று நீயே எண்ணிக்கொள்.
ஒரு முகவரிக்கு ஒருமுறைதான் அந்தச் சலுகை.

பிழையைப் பிடித்துவிட்டேன்.
வேறு யாருமில்லை, நான்தான்.
நாலு வருடம் முந்திய வரி, என் இடைவெளிகள், என் சோம்பல்:
முகவரிக்குப் பதினாறு பைட்.
மூதூரிலிருந்து வந்ததோ இருபத்தெட்டு.
மிஞ்சிய பன்னிரண்டும் வேலி பாய்ந்து
பக்கத்து வளவுக்குள் இறங்கி
திரும்பிப்போகும் வழியை அழித்திருக்கின்றன.

பிரதேச செயலகத்தில் அப்பா நிரப்பிய படிவம்.
'முகவரி' என்று ஒரு பெட்டி, விரல் நீளம்.
அப்பா எழுதினார்:
இடைத்தங்கல் முகாம், நான்காம் வரிசை,
கிளிவெட்டி, பாடசாலைக்குப் பின்புறம்.
பெட்டி நிறைந்தது. எழுத்து கோட்டைத் தாண்டி
'தொழில்' என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.
பதிந்த பிள்ளை பார்த்தபடி பதிந்தாள்.
அட்டை வந்தது.
தொழில்: பாடசாலைக்குப் பின்புறம்.
அப்பா மூன்று நாள் சிரித்தார்.
நாலாம் நாள் நிவாரணம் நின்றது.

பதினாறை அழிக்கிறேன்.
குடும்பம் கேட்காமல் ஒதுக்கும் இடம் ஒன்று உண்டு,
நூற்றிருபத்தெட்டு பைட்.
பெரும்பாலும் முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கும்.
நினைவகம் வீணாகிறதென்று
கொழும்பிலிருந்து கோசலன் எழுதுவான்.
எழுதட்டும்.
இன்னும் பிறக்காத குடும்பம் ஒன்று
ஒருநாள் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும்.

கதவும் ஒன்று போதும்.
ஆறுக்குத் திறந்துவைத்து
'ஆறு மட்டும்' என்ற கொக்கியைக் கழற்றிவிட்டால்
நாலும் அதே வழியால் வரும்,
ஆறின் சட்டையைப் போட்டுக்கொண்டு.
அந்தச் சட்டை விஷயம் எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை.
ஆனாலும் வரும்.

தொகுக்கிறேன். ஏற்றுகிறேன்.
கீழே வாசலில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
மீன்பெட்டி மட்டையைக் கிழித்துத் தின்கிறது.
அதன் பல் சத்தம் மட்டும்.

மூன்று பத்து.
கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலிருந்து ஒரு பொதி.
இயந்திரம் விழவில்லை.
பதிவேட்டில் ஒரு வரி, முக்காற்புள்ளிகள் நிறைந்து,
நீளமாய், முழுதாய், எவர் பெட்டிக்குள்ளும் வழியாமல்.
அதன் வால் நுனியில்:
ஐஸ் அறை, கழித்தல் பதினொன்று.

"வந்திட்டா அக்கா?"
"வந்திட்டு."

குச்சவெளிப் பெட்டியை இன்னும் சோதிக்கவில்லை.
அது பழைய நாலு.
சட்டை அளவாக இருக்குமோ தெரியாது.